எஸ்பிஎஸ்எஸ்-ல ஒரு பி வேல்யூ, ஆர்-ல வேற பி வேல்யூ: தீசிஸ்ல எதைப் போடறது?

கேள்வி: 2024 மார்ச் 11, இரவு 10.40

தக்காளி தொட்டி ட்ரயல். ரெண்டு ரகம், தழைச்சத்து மூணு லெவல் (0, 50, 100), ஒவ்வொரு காம்பினேஷனுக்கும் 6 தொட்டி. ஸ்பேட் மீட்டர்ல (இலைப் பச்சைய அளக்கறது) இலை ரீடிங் எடுத்திருக்கேன். நடுவுல சில செடி செத்துப்போச்சு. டூ வே அனோவா (ரெண்டு காரணியால சராசரி மாறுதான்னு பாக்கற டெஸ்ட்) எஸ்பிஎஸ்எஸ்-ல போட்டா ரகத்துக்கு பி வேல்யூ (நிஜத்துல வித்தியாசமே இல்லாட்டியும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) 0.05-க்குக் கீழ வருது. லேப்ல இன்னொரு ஸ்காலர் அதே டேட்டாவ ஆர்-ல போட்டுக் குடுத்தாங்க, மேல போயிடுச்சு. கைடு எது கீழ வருதோ அதைப் போடுங்கறாரு. எந்த சாஃப்ட்வேர் சரி? அண்ணா அக்கா யாராவது சொல்லுங்க, மாசக் கடைசில சப்மிஷன்.

பதில்: மார்ச் 11, இரவு 11.25

ரெண்டும் சரியான சாஃப்ட்வேர்தான். கணக்குப் போடறதுல எஸ்பிஎஸ்எஸ்-ஓ ஆர்-ஓ இந்த மாதிரி சின்ன டேபிள்ல தப்பு பண்ணாது. நீங்க ரெண்டு கிட்டயும் ஒரே கேள்விய கேட்கல, அவ்வளவுதான். நீங்க சொல்லாம விட்டத ஒவ்வொண்ணும் தன் டிஃபால்ட் படி நிரப்பிக்கிச்சு.

பி வேல்யூவ இப்ப பாக்காதீங்க. ரெண்டு டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டிஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) காலத்த, அதாவது அந்த நெட்டுப் பத்திய மட்டும் பாருங்க. டிஎஃப்-ங்கறது சாஃப்ட்வேர் உங்க ட்ரயல எப்படிப் புரிஞ்சுக்கிச்சுன்னு அதுவே எழுதிக் குடுக்கற வாக்குமூலம். அது உங்க ஃபீல்டு புக்கோட ஒத்துப்போகலன்னா அதுக்குப் பக்கத்துல இருக்கற எஃப், பி எதையும் படிக்கவே வேணாம்.

உங்க டிசைனுக்கு ரகத்துக்கு 1 வரணும், உரத்துக்கு 2, ரெண்டும் சேர்ந்த இன்டராக்ஷனுக்கு (உரத்தோட விளைவு ரகத்துக்கு ரகம் மாறறது) 2. எத்தனை தொட்டி மிஞ்சிச்சோ அதுல 6 (காம்பினேஷன் எண்ணிக்கை) கழிச்சா எரர் டிஎஃப், எரர்னா ரகத்தாலயும் உரத்தாலயும் விளக்க முடியாத மிச்ச வித்தியாசம். ரெண்டு டேபிளையும் அப்படியே டைப் பண்ணிப் போடுங்க, எஃப், பி ரெண்டும் இல்லாம.

மார்ச் 12, காலை 7.10

டேபிள் பாத்தேன். எஸ்பிஎஸ்எஸ்-ல உரம் 2, இன்டராக்ஷன் 2, எரர் 87. ஆர்-ல உரம் 1, இன்டராக்ஷன் 1, எரர் 89. முதல் வித்தியாசம் இங்கயே மாட்டிக்கிச்சு.

உரத்த 0, 50, 100-ன்னு நம்பராவே காலத்துல போட்டிருக்கீங்க. எஸ்பிஎஸ்எஸ்-ல அத ஃபிக்ஸட் ஃபேக்டர் பெட்டிக்குள்ள தள்ளினதால மூணு தனித்தனி ட்ரீட்மென்ட்டா எடுத்துக்கிச்சு. ஆர்-க்கு யாரும் சொல்லல, அது நம்பரப் பாத்துட்டு நேர்கோடு போட்டுடுச்சு: 0-லேர்ந்து 50-க்கு எவ்வளவு ஏறுதோ அதே அளவு 50-லேர்ந்து 100-க்கும் ஏறும்ங்கற அனுமானத்தோட. உரத்துல அது நடக்கவே நடக்காது, ஒரு அளவுக்கு மேல இலை பச்சை அப்படியே நின்னுடும், அதுக்கு மேல போனா செடிக்கே ஆபத்து. அந்த காலத்த ஃபேக்டரா மாத்தச் சொல்லுங்க, ஒரு வரிதான்.

இத யார் வேணா பரிசோதிச்சுப் பாக்கலாம், ஆர் கூடவே வர்ற டூத்குரோத்-னு ஒரு டேட்டா இருக்கு. 60 கினி பிக், வைட்டமின் சி மூணு டோஸ் (0.5, 1, 2 மில்லிகிராம்), ஆரஞ்சு ஜூஸா குடுத்தது பாதி, அஸ்கார்பிக் ஆசிடா குடுத்தது பாதி, பல்லுல ஒரு செல்லோட நீளம் அளந்திருக்காங்க. டோஸ நம்பரா விட்டா இன்டராக்ஷன் டிஎஃப் 1, பி 0.0246. ஃபேக்டரா மாத்தினா டிஎஃப் 2, பி 0.0219. அங்க ரெண்டும் 0.05-க்குக் கீழ இருக்கறதால யாரும் கவனிக்க மாட்டாங்க. உங்க டேட்டால கோட்டுக்கு ரெண்டு பக்கமும் விழுந்ததால மாட்டிக்கிச்சு, ஒரு வகையில அது நல்லதுதான்.

87 ஏன் வருதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, சாயந்திரம் எழுதறேன். மொத்தம் எத்தனை தொட்டி உசுரோட இருந்துச்சு?

மார்ச் 12, இரவு 9.50

ஃபேக்டரா மாத்தின பிறகு இன்டராக்ஷன் வரி ரெண்டு சாஃப்ட்வேர்லயும் கடைசி தசமம் வரைக்கும் ஒண்ணாயிடுச்சு, ஆனா ரகம் வரி இன்னும் ஒத்துவரலங்கறீங்க. எதிர்பார்த்ததுதான். இது ரெண்டாவது வித்தியாசம், முதல் சங்கதிய விட ஆழமானது, இதுல நிறைய பேர் குழம்பறாங்க.

எல்லா காம்பினேஷன்லயும் சம எண்ணிக்கை இருந்தா ரகத்தோட பங்கு, உரத்தோட பங்கு ரெண்டும் தனித்தனியா பிரிஞ்சு நிக்கும். செடி செத்து எண்ணிக்கை சமமில்லாம போனதும் ரெண்டு பங்கும் கொஞ்சம் ஒண்ணு மேல ஒண்ணு படியும். அந்தப் பொதுப் பகுதி யாருக்குங்கறதுதான் சண்டை. ஆர்-ல சாதாரண அனோவா பந்தில முதல்ல உக்காந்தவங்களுக்கு முழுசா பரிமாறிட்டு மிச்சத்த அடுத்தவங்களுக்குப் போடற முறை, இதுக்கு டைப் 1-ன்னு பேரு. ஃபார்முலால ரகத்த முதல்ல எழுதினா ஒரு விடை, உரத்த முதல்ல எழுதினா வேற விடை. எஸ்பிஎஸ்எஸ் டிஃபால்ட் டைப் 3: ஒவ்வொண்ணையும் மத்த எல்லாத்தையும் கழிச்ச பிறகு பாக்கும், இன்டராக்ஷன் உட்பட. நடுவுல டைப் 2: ரகத்த உரத்துக்கு அப்புறம், உரத்த ரகத்துக்கு அப்புறம், இன்டராக்ஷன கணக்குல சேர்க்காம.

இன்டராக்ஷன் கடைசியா உக்கார்ற ஆளு, அதனால மூணு டைப்புலயும் அதுக்கு ஒரே விடைதான். அதான் முதல்ல அந்த வரிய ஒத்துப் பாக்கச் சொல்றது. அது ஒத்துப்போகலன்னா டேட்டா படிச்சதுல கோளாறு. அது ஒத்துப்போய் மேல இருக்கறது ஒத்துப்போகலன்னா டைப் வித்தியாசம். வேற எங்கயும் தேட வேணாம்.

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த பிரச்சினைன்னு நினைக்காதீங்க. இங்கிலாந்துல ரோதம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல ஃபிஷர் அனோவாவ உருவாக்கினப்ப கையால சுத்தற கால்குலேட்டர்தான், அதனால சமமான ரெப்ளிகேஷன் உயிர்நாடி. அவருக்கு அப்புறம் அங்க பொறுப்பெடுத்த ஃபிராங்க் யேட்ஸ் 1933-ல பிளாட் காணாமப்போனா என்ன பண்றதுன்னும், 1934-ல எண்ணிக்கை சமமில்லாத அட்டவணைய எப்படிப் பிரிக்கறதுன்னும் எழுதினாரு. டைப் 1, 2, 3-ங்கற பேரு எழுபதுகள்ல எஸ்ஏஎஸ் பேக்கேஜ் வச்சது. உங்க தக்காளித் தொட்டில இருக்கற சிக்கலுக்கு 90 வயசு.

என் கருத்து டைப் 2.

மார்ச் 13, மதியம் 1.15

31 தொட்டின்னு பதில் போட்டிருக்கீங்க. 36-ல 5 போச்சு. அப்ப எரர் டிஎஃப் 31-ல 6 போக 25 வரணும். உங்க டேபிள்ல 87. எஸ்பிஎஸ்எஸ்-ல கீழ கரெக்டட் டோட்டல்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதுல 92-ன்னு இருக்கும், அது மொத்த வரிசைல ஒண்ணு கம்மி. 31 தொட்டி வச்சவங்களுக்கு 93 வரிசை எங்கேர்ந்து வந்துச்சு?

ஒரு தொட்டிக்கு மூணு இலைல ரீடிங் எடுத்து மூணையும் தனி வரிசையா போட்டிருக்கீங்க, சரியா?

மார்ச் 13, இரவு 10.30

சரின்னு சொல்லிட்டீங்க. இதப்பத்திதான் எனக்கு எழுதணும், மத்தது எல்லாம் இதுக்கு முன்னாடி சின்ன விஷயம்.

நீங்க உரம் போட்டது தொட்டிக்கு. இலைக்கு இல்ல. ஒரே தொட்டில ஒரே செடில இருக்கற மூணு இலை ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே வேர். அந்தத் தொட்டி கொஞ்சம் நிழல்ல இருந்துச்சுன்னா மூணு இலையும் சேர்ந்து வெளுக்கும். அது மூணு சாட்சி இல்ல, ஒரே சாட்சி மூணு தடவை பேசறது. அத 93 தனி சாட்சியா எண்ணினா எரர் செயற்கையா சுருங்கும், எஃப் ஏறும், பி இறங்கும். ஸ்டுவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல சூழலியல் பரிசோதனைகள்ல இந்தக் கோளாறுக்கு சூடோரெப்ளிகேஷன்னு பேரு வச்சு எழுதினாரு, நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் வாரத்துக்கு ஒண்ணு என் டேபிளுக்கு வருது. எலிக்கு மருந்து குடுத்து ஒரு எலிக்கு இருபது செல் எண்ணினது, ஒரு ஃபிளாஸ்க்லேர்ந்து மூணு தடவ பிப்பெட் பண்ணி மூணு ரெப்ளிகேட்னு போட்டது, ஒரு குளத்துல பத்து பாட்டில் தண்ணி மொண்டு பத்து குளம் மாதிரி எண்ணினது.

எந்த சாஃப்ட்வேராலயும் இத கண்டுபிடிக்க முடியாது. அதுக்குத் தெரிஞ்சது வரிசையும் காலமும்தான். 93 வரிசை குடுத்தா 93-ன்னு நம்பும். எஸ்பிஎஸ்எஸ், ஆர், பிரிஸம், ஆரிஜின், மினிடேப் எல்லாம் இந்த விஷயத்துல ஒண்ணுதான், பணம் கட்டி வாங்கினதுங்கறதால கூடுதலா ஒண்ணும் தெரியாது. அதான் திரும்பத் திரும்ப டிஎஃப்-ன்னு சொல்றேன், மனுஷன் கண்ணுல படற மாதிரி அது வெளிய தெரியற ஒரே இடம் அந்தக் காலம்தான்.

செய்ய வேண்டியது: தொட்டிக்கு மூணு இலை சராசரி எடுத்து 31 வரிசையாக்குங்க. இல்ல தொட்டிய ரேண்டம் எஃபெக்ட்டா வச்சு மிக்ஸட் மாடல் (மூணு இலையும் ஒரே தொட்டியோடதுன்னு கணக்குல எடுத்துக்கற மாடல்) போடுங்க, ஆர்-ல எல்எம்இ4 பேக்கேஜ். எல்லா தொட்டிலயும் மூணே மூணு இலைன்னா ரெண்டு வழிக்கும் சாதாரணமா ஒரே விடைதான் வரும். எக்ஸாமினருக்கு விளக்க சராசரி சுலபம். மூணு இலை எடுத்தது வீண் இல்ல, தொட்டியோட ரீடிங்க அது துல்லியமாக்குது. தொட்டிகள் எண்ணிக்கைய அது கூட்டாது.

மார்ச் 14, காலை 6.40

"என் சீனியர்ஸ் எல்லாரும் இப்படித்தான் போட்டாங்க"ன்னு தனியா எழுதியிருக்கீங்க. தெரியும்மா. அவங்க பண்ணாங்கங்கறதுக்காக உங்க தொட்டி மூணா ஆகாது.

கைடு சொன்னதப் பத்தியும் சொல்லிடறேன். எது கீழ வருதோ அதைப் போடுன்னா, மூணு சாஃப்ட்வேர், மூணு டைப், ரெண்டு விதமான வரிசைன்னு மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தா எங்கயாவது 0.05-க்குக் கீழ விழத்தான் செய்யும். 0.05-ங்கற எண்ணுக்கு ஒரு தடவை பாத்தாதான் அர்த்தம். அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிகல் அசோசியேஷன் 2016-ல பி வேல்யூ பத்தி ஒரு அறிக்கை விட்டுச்சு, என்னென்ன பண்ணிப் பாத்தீங்கன்னு முழுசா சொல்லாம தேர்ந்தெடுத்துப் போட்ட பி வேல்யூவுக்குப் பொருள் இல்லைங்கறது அதுல ஒரு முக்கியமான பாயின்ட். அத பிரின்ட் எடுத்து மரியாதையா கைடு டேபிள்ல வைங்க. பெரும்பாலான கைடுகள் ஏமாத்தணும்னு சொல்றதில்ல, அவங்களுக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல.

மார்ச் 14, இரவு 11.05

31 வரிசைல திரும்பப் போட்டுட்டீங்க: உரம் நிக்குது, ரகம் போயிடுச்சு, எரர் டிஎஃப் 25, ரெண்டு சாஃப்ட்வேர்லயும். சந்தோஷம். ரகம் போனதுக்கு வருத்தப்படாதீங்க, "இந்த ட்ரயல்ல ரகத்துக்கு வித்தியாசம் காட்ட முடியல"ங்கறதும் முடிவுதான், வித்தியாசமே இல்லைன்னு மட்டும் எழுதிடாதீங்க.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன். செத்த 5 செடி எந்தெந்த தொட்டில?

மார்ச் 15, காலை 8.20

100 லெவல்ல 4, 50 லெவல்ல 1, 0-ல ஒண்ணுமில்ல. இத ஏன்மா டேபிள்ல எங்கயும் போடல?

ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட் போட்டா (12-க்கு 0, 1, 4) பி 0.10 வருது. 36 தொட்டிய வச்சு உரம்தான் கொன்னுச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா அப்படி ஒண்ணுமே நடக்காத மாதிரி மிஞ்சின செடிய மட்டும் சராசரி எடுக்கறதும் நியாயமில்ல. 100 லெவல்ல தாங்கி நின்ன எட்டு செடியோட பச்சை, செத்த நாலையும் சேர்த்த பச்சை இல்ல. ரிசல்ட்ஸ்ல முதல் பாராவே உயிரோட இருந்த எண்ணிக்கை டேபிளா இருக்கட்டும். விவசாயிக்கு ஸ்பேட் ரீடிங்க விட அதுதான் வேணும்.

இன்னொண்ணு, செத்த தொட்டிக்கு எக்ஸெல்ல 0 போட்டீங்களா, காலியா விட்டீங்களா? காலின்னா சராசரி ஃபங்ஷன் அத ஒதுக்கிடும். 0 போட்டா அதுவும் ஒரு ரீடிங்தான். எஸ்பிஎஸ்எஸ்-ல சிலர் 999 போடுவாங்க, மிஸ்ஸிங்னு வேரியபிள் வியூல சொல்லி வைக்கலன்னா 999 பச்சையுள்ள இலையா எண்ணிடும். 0 போட்டிருந்தா டோட்டல் டிஎஃப் 30-க்குப் பதில் 35 ஆகியிருக்கும். திரும்பவும் அதே காலம்.

மார்ச் 17, மாலை

மேல டைப் 2-ன்னு ஒரே வரில முடிச்சிருந்தேன், ரெண்டு பேர் ஆட்சேபிச்சிருக்காங்க, யோசிச்சப்ப கொஞ்சம் மாத்திச் சொல்லத் தோணுது. இன்டராக்ஷன் பலமா இருந்தா டைப் 2-ஆ 3-ஆங்கற சண்டையே தேவையில்ல, அப்ப "ரகத்தோட பொதுவான விளைவு"ங்கற பேச்சே அர்த்தமில்லாம போயிடும், ஒவ்வொரு உர லெவல்லயும் ரகத்த தனியா ஒப்பிடணும். டூத்குரோத் டேட்டாலயே பாருங்க: 0.5 டோஸ்ல ஜூஸ் 13.23, ஆசிட் 7.98. 1-ல 22.70, 16.77. 2-ல 26.06, 26.14. ஜூஸ் நல்லதான்னு பொதுவா கேட்டா பதில் இல்ல, கம்மி டோஸ்ல நல்லது, 2-ல ரெண்டும் ஒண்ணு. இன்டராக்ஷன் இல்லைங்கறப்ப டைப் 2 மெயின் எஃபெக்ட்ட நல்லா பிடிக்கும். எதுவா இருந்தாலும் டேட்டாவப் பாக்கறதுக்கு முன்னாடி முடிவு பண்ணி மெத்தட்ஸ்ல எழுதிடுங்க.

ஆர்-ல டைப் 3 வேணும்னு கார்-ங்கற பேக்கேஜ் போடறவங்களுக்கு ஒரு விஷயம்: ஆர்-ஓட டிஃபால்ட் கான்ட்ராஸ்ட் (ஃபேக்டர் லெவல்கள மாடலுக்குள்ள நம்பரா மாத்தற முறை) ட்ரீட்மென்ட் வகை. அதோட டைப் 3 கேட்டா எர்ரர் எதுவும் காட்டாம வேற ஏதோ ஒரு கேள்விக்கு விடை குடுத்துடும். கான்ட்ராஸ்ட்ட சம் வகைக்கு மாத்தி மாடல திரும்பப் போட்ட பிறகுதான் எஸ்பிஎஸ்எஸ் விடையோட ஒத்துப்போகும்.

மார்ச் 19, இரவு

ரெண்டு சராசரிய ஒப்பிடற டி டெஸ்ட் பத்தி கேட்ட நர்சிங் மாணவருக்கு. எக்ஸெல், ஆர், பைத்தான் மூணும் மூணு விடை குடுக்குதுன்னா டிஃபால்ட்தான் காரணம். ஆர் வெல்ச் முறைய (ரெண்டு கூட்டத்தோட வேரியன்ஸ், அதாவது சிதறல், சமமில்லைன்னு வச்சுக்கறது) எடுத்துக்கும், பைத்தான்ல சைபை பேக்கேஜ் சம வேரியன்ஸ்னு எடுத்துக்கும், எக்ஸெல் உங்கள 1, 2, 3-ன்னு டைப் கேட்கும், அதுல 1 பேர்டு (ஒரே ஆள ரெண்டு தடவ அளந்தது). எஸ்பிஎஸ்எஸ் சம வேரியன்ஸ், சமமில்லாத வேரியன்ஸ் ரெண்டு வரியையும் அச்சடிச்சுட்டு உங்கள தேர்ந்தெடுக்க விட்டுடும்.

இதெல்லாம் சின்ன வித்தியாசம். பேர்டா இல்லையாங்கறதுதான் பெரிசு. ஸ்டூடன்ட்ங்கற புனைபேர்ல எழுதின காஸெட் 1908-ல பயன்படுத்தின தூக்க டேட்டா ஆர்-லயே இருக்கு. பத்து நோயாளி, ரெண்டு மருந்து, கூடுதலா எத்தனை மணி நேரம் தூங்கினாங்க. சராசரி 0.75, 2.33. அதே பத்துப் பேருதான் ரெண்டு மருந்தும் சாப்பிட்டாங்கங்கறத மறந்து தனித்தனிக் கூட்டமா போட்டா டிஎஃப் 17.776, பி 0.079. பேர்டா போட்டா டிஎஃப் 9, பி 0.0028. டிஎஃப் கம்மி ஆனாலும் பி இறங்குது, ஏன்னா ஆளுக்கு ஆள் இருக்கற தூக்க வித்தியாசம் கழிஞ்சு போயிடுது. உங்க டேட்டால முன்னாடி பின்னாடி ஒரே நோயாளின்னா டிஎஃப் நோயாளி எண்ணிக்கைல ஒண்ணு கம்மியா வரணும்.

பி 0.000-ன்னு தீசிஸ்ல அப்படியே எடுத்துப் போடாதீங்க, எஸ்பிஎஸ்எஸ் மூணு தசமத்துக்கு ரவுண்ட் பண்ணிக் காட்டறது அது. 0.001-க்குக் கீழன்னு எழுதுங்க.

மார்ச் 20, காலை

பிளாட் நம்பர் காலத்துல 45325-ன்னு வருதுன்னு ஸ்கிரீன்ஷாட் போட்டவருக்கு: 3-2-ன்னு பிளாக், ட்ரீட்மென்ட் அடிச்சிருப்பீங்க. எக்ஸெல் அத பிப்ரவரி 3-ன்னு எடுத்துக்கிட்டு, உள்ளுக்குள்ள 1900-லேர்ந்து எண்ற நாள் நம்பரா வச்சிருக்கு. 2024 பிப்ரவரி 3-க்கு அந்த நம்பர் 45325. அடிக்கறதுக்கு முன்னாடியே காலத்த டெக்ஸ்ட்டா ஃபார்மேட் பண்ணுங்க, இல்ல பி3டி2-ன்னு எழுத்து சேர்த்து எழுதுங்க.

மரபணு ஆளுங்க இதுல ரொம்ப அடிபட்டவங்க. செப்ட்2, மார்ச்1-ன்னு ஜீன் பேரு செப்டம்பராவும் மார்ச் மாசமாவும் மாறி, 2016-ல ஒரு குழு தேடிப் பாத்தப்ப எக்ஸெல்ல ஜீன் பட்டியல் இணைச்ச ஆய்வுக் கட்டுரைகள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுல இந்தப் பிழை இருந்துச்சு. கடைசில 2020-ல ஜீனுக்குப் பேர் வைக்கற கமிட்டியே செப்டின்2-ன்னு பேர மாத்திடுச்சு. எக்ஸெல்ல இத நிறுத்தற வசதி 2023-லதான் வந்துச்சு.

மார்ச் 23

கிராஃப் பத்தி. 5, 6 ரீடிங்க பார் சார்ட்டா போட்டு மேல மீசை (எரர் பார்) வைக்கறத விடுங்க. ட்ரேசி வைஸ்கெர்பர் குழு 2015-ல 703 உடலியல் கட்டுரைகளப் பாத்துச்சு, 85 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது ஒரு பார் கிராஃப். ஒரே உயரமுள்ள பாருக்குள்ள ஒரு அவுட்லையர் (மத்ததுலேர்ந்து ரொம்ப விலகின ரீடிங்) ஒளிஞ்சிருக்கலாம், ரெண்டு கூட்டம் ஒளிஞ்சிருக்கலாம், ரெண்டே ரீடிங்கும் இருக்கலாம். மீசை எஸ்டி-யா (ரீடிங்குகளோட சிதறல்) எஸ்இ-யா (சராசரி எவ்வளவு துல்லியம்ங்கறது) அப்படின்னு லெஜண்ட்ல எழுதாதவங்க பாதிப் பேர், எஸ்இ சின்னதா தெரியும்கறதுக்காகவே போடறவங்களும் உண்டு. 93 வரிசைல எஸ்இ எடுத்தா இன்னும் சின்னதாகும், அது வேற.

பாக்ஸ் பிளாட்டும் 6 ரீடிங்குக்கு வேணாம். 1, 2, 3, 4, 5, 6-ன்னு ஆறு எண்ணுக்கு கீழ் குவார்ட்டைல் (கீழ்க் கால்வாசி முடியற இடம்) கேட்டுப் பாருங்க. ஆர்-ல குவான்டைல் 2.25, எஸ்பிஎஸ்எஸ் 1.75, ஆர்-ஓட பழைய பாக்ஸ்பிளாட் கட்டளை பெட்டியோட கீழ்க்கோட்ட 2-ல வரையும், ஆர்-ல படம் வரையற இன்னொரு பேக்கேஜான ஜிஜிபிளாட் 2.25-ல. எக்ஸெல்ல குவார்ட்டைல்.இன்க் ஃபங்ஷன்னா 2.25, குவார்ட்டைல்.எக்ஸ்க்-னா 1.75. குவார்ட்டைல் கணக்கிட ஒன்பது முறைய ஹைண்ட்மனும் ஃபேனும் 1996-ல தொகுத்திருக்காங்க, அத்தனையும் நியாயமானது. ஆறு புள்ளிய வரைஞ்சு சராசரிக்கு ஒரு சின்னக் கோடு போட்டா இந்தத் தகராறே இல்ல. பிரிஸம்ல ஸ்கேட்டர் டாட் பிளாட்னு இருக்கு, ஜிஜிபிளாட்ல ஜிட்டர்.

மார்ச் 24

என்சைம் கைனடிக்ஸ் பண்றவர் கேட்டது: ஆரிஜின்ல லைன்வீவர்-பர்க் கோடு போட்டா ஒரு கேஎம் (என்சைம் உச்ச வேகத்துல பாதிய எட்டற செறிவு), பிரிஸம்ல வேற கேஎம். இது டிஃபால்ட் கூட இல்ல, முறையே வேற. தலைகீழா மாத்தி நேர்கோடு போடறது 1934 காலத்து உபாயம், கிராஃப் பேப்பரும் ஸ்கேலும் வச்சு வேலை பண்ணினவங்களுக்கு அது பெரிய வரம். ஆனா 1/வேகம்னு மாத்தினா கம்மி செறிவுல எடுத்த, ஏற்கனவே தடுமாற்றமுள்ள ரீடிங்குக்குத்தான் எல்லாத்தையும் விட அதிக செல்வாக்கு வந்துடும்.

ஆர்-ல ப்யூரோமைசின் டேட்டா இருக்கு, ட்ரீட் பண்ண செல்லுக்கு 12 ரீடிங். 0.02 செறிவுல ரெண்டு ரீடிங் 76, 47. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி பாருங்க, 1 வகுத்தா 0.0132, 0.0213, கோட்டோட ஒரு முனைய அந்த ரெண்டும்தான் பிடிச்சு இழுக்குது. லைன்வீவர்-பர்க்ல விமாக்ஸ் (உச்ச வேகம்) 195.8, கேஎம் 0.0484. நேரா வளைகோட்டையே நான்லீனியர் ஃபிட் பண்ணா 212.7, 0.0641. கேஎம் கால்வாசி குறைஞ்சு போச்சு. இன்னிக்கு எல்லா சாஃப்ட்வேர்லயும் நான்லீனியர் ஃபிட் இருக்கு. அதைப் போடுங்க, நேர்கோட்டுப் படம் வேணும்னா படமா மட்டும் வைங்க.

மார்ச் 26, இரவு

சாஃப்ட்வேர் லைசென்ஸ் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. காசு இல்லைன்னா கிராக் வெர்ஷன் தேடாதீங்க, ஜாமோவி, ஜாஸ்ப் ரெண்டும் இலவசம், எஸ்பிஎஸ்எஸ் மாதிரியே மெனுல கிளிக் பண்ணலாம், ரெண்டுலயும் அனோவா டிஃபால்ட் டைப் 3. ஜாமோவில சின்டாக்ஸ் மோட தட்டினா பின்னாடி ஓடற ஆர் கட்டளைய காட்டும், ஆர் கத்துக்க அது நல்ல வழி. ஆரிஜினுக்குப் பதிலா லேப்பிளாட், வியூஸ். விவசாயப் படிப்புக்காரங்களுக்கு ஹிசார் பல்கலைக்கழகத்தோட ஆப்ஸ்டாட், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தோட கிரேப்ஸ், ரெண்டும் பிரவுசர்லயே ஓடும், சிடி (கிரிட்டிகல் டிஃபரன்ஸ்) வேல்யூவோட டேபிள் வரும்.

என் விருப்பம் ஆர். இலவசம்ங்கறதால இல்ல, செஞ்சது எல்லாம் ஸ்கிரிப்டா எழுத்துல நிக்கறதால. ஒரு ஸ்காலர் வைவாக்கு ஒரு வருஷம் கழிச்சு வந்தாங்க, எக்ஸாமினர் ஒரு சராசரிய கேட்டாரு, எந்த வரிசைய விட்டு எந்த வரிசைய எடுத்தாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல, கிளிக் பண்ணினதுக்கு சாட்சி ஏது? எஸ்பிஎஸ்எஸ்-லயும் ஓகே-க்குப் பதில் பேஸ்ட் தட்டினா சின்டாக்ஸ் ஃபைல் கிடைக்கும், பத்து வருஷமா எஸ்பிஎஸ்எஸ் ஓட்டறவங்க கூட அந்த பட்டன தொட்டதில்ல.

மார்ச் 28, காலை 7.30

மெத்தட்ஸ் பாரா எப்படி எழுதறதுன்னு தக்காளி ஸ்காலர் கேட்டதுக்கு. ஆங்கிலத்துல நீங்களே மாத்திக்கங்க, உள்ள இருக்க வேண்டியது இது: தொட்டிதான் எக்ஸ்பெரிமென்டல் யூனிட். ஒரு தொட்டிக்கு மூணு இலை ரீடிங்கோட சராசரி எடுக்கப்பட்டது. 36 தொட்டில 31 மிஞ்சியது, இறப்பு டேபிள் 1-ல. டூ வே அனோவா, டைப் 2, எரர் டிஎஃப் 25. உர லெவல்கள ஜோடி ஜோடியா ஒப்பிட டியூக்கி முறை. சாஃப்ட்வேர் பேரும் வெர்ஷன் நம்பரும். ஆர்-னா சைட்டேஷன் கட்டளை குடுத்தா எப்படி குறிப்பிடணும்னு அதுவே சொல்லும்.

டிஎம்ஆர்டி (அதே வேலைக்கு டங்கன் முறை) தான் போடணும்னு டிபார்ட்மென்ட்ல வற்புறுத்தினா போடுங்க, ஆனா அது டியூக்கிய விட தாராளமா வித்தியாசம் காட்டும்னு தெரிஞ்சு போடுங்க, மூணு லெவலுக்கு ரெண்டும் பெரிசா மாறாது.

படத்த 300 டிபிஐ டிஃப்-ஆ நேரா சாஃப்ட்வேர்லேர்ந்தே எக்ஸ்போர்ட் பண்ணுங்க, பவர்பாயின்ட்ல ஒட்டி ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க. அகலத்த முதல்லயே 89 மில்லிமீட்டர்னு வச்சுட்டு எழுத்து சைஸ் பாருங்க, ஜர்னலுக்கு அனுப்பறப்ப பக்கத்தோட ஒரு பத்திக்குள்ள உக்காரும்.